ஐந்து நிமிஷக் காற்று

போன வாரம் மியூனிக்கில் சைபருக்குக் கீழே ஆறு டிகிரி. இந்த மடலை எழுதும் கானாடுகாத்தான்காரர் அடுப்பில் ரசம் நுரை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாசல்மணி அடித்தது. வீட்டுக்காரம்மா. வயது எழுபது இருக்கும். நேரே படுக்கையறைக்குப் போய் அலமாரியை ஒரு சாண் நகர்த்தினார். பின்சுவரில் காலணா அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஜன்னல் திறக்கிறீர்கள்?"

பல் விளக்குகிறாயா என்று சின்னப்பிள்ளையை அதட்டும் குரல் அது. நாள் முழுக்கத் திறந்துதான் வைத்திருக்கிறேன் என்றார் இவர். அதுதான் குற்றம் என்றார் அந்த அம்மா.

ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடிக்கு மூன்று நிலைகள் உண்டு. கீழே தொங்கினால் சாத்தியிருக்கிறது. படுக்கைவசமாகத் திருப்பினால் கதவு முழுசாக உட்பக்கம் திறக்கும். மேலே நிமிர்ந்தால் கதவின் தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். வந்தேறிகள் ஏமாறுவது இந்தச் சாய்வில்தான். சந்து வழியே காற்று மெல்லத்தான் மாறும். அதற்குள் ஜன்னலோரச் சுவர் ஜில்லிட்டுப்போய், வீட்டு ஈரமெல்லாம் அதில் படிந்துவிடும். ஆகவே முறை என்னவென்றால், ஹீட்டரைக் குறைக்க வேண்டும், ஜன்னலை அகலத் திறக்க வேண்டும், முடிந்தால் எதிர் அறை ஜன்னலையும் திறக்க வேண்டும், கடுங்குளிரில் ஐந்து நிமிஷம் கழித்துச் சாத்த வேண்டும். இப்படி நாளைக்கு மூன்று நான்கு தடவை. இதன் பெயர் ஷ்டோஸ்லூஃப்டன். எத்தனை தடவை திறந்தால் குடியிருப்பவர் கடமை தீரும் என்று கோர்ட்டு வரை வழக்குப் போகும் நாடு இது.

கணக்கென்னவோ சரிதான். 20 டிகிரிச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. வெளிக்குளிர் உள்ளே வந்து சூடேறினால் வறண்ட காற்றாகிவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல் என்று நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் ஆவியாகிறதாம். அதில் ரசத்தின் பங்கு எவ்வளவு என்று வீட்டுக்காரம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்த பார்வையிலேயே கேட்டுவிட்டார்.

இந்தக் காற்றுப் பைத்தியத்துக்கு மூலபுருஷர் இதே ஊர்க்காரர், மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 1858இலேயே கோடு கிழித்தவர். இன்றைக்கும் வகுப்பறைகளில் அந்த அளவைத்தான் பார்க்கிறார்கள். 1892இல் காலராக் கிருமியைக் குடித்துப் பார்த்துப் பிழைத்த மனிதர், காற்றை மட்டும் சும்மா விடுவாரா! 2020 கொரோனாக் குளிர்காலத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வகுப்பறை ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் மேல்கோட்டோடு உட்கார்ந்து பாடம் படித்தார்கள். ஜெர்மனி என்றதும் நினைவுக்கு வருவது காற்றுப்புகாத ஜன்னல்கள் என்று அங்கேலா மெர்க்கல் 2004இல் ஒரு பேட்டியில் பெருமைப்பட்டார். காற்றே நுழையாதபடி ஜன்னல் செய்ய வேண்டியது, பிறகு மணி பார்த்து அதைத் திறக்க வேண்டியது!

கானாடுகாத்தான்காரருக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். அவர் பிறந்த வீட்டில் முகப்பில் நின்றால் வளவைத் தாண்டிக் கடைசிக் கட்டு வரை வாசலுக்கு நேர் வாசல். நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று முற்றத்து வழியே மேலேற, தெருக்காற்று தானே உள்ளே வரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். அப்பத்தா அந்த வளவில்தான் மத்தியானம் தலைக்கு மணையை வைத்துப் படுப்பார். காற்றோட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. ஐந்து நிமிஷக் கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும்?

ஆனாலும் வீட்டுக்காரம்மா மேஜைமேல் வைத்துவிட்டுப் போன ஈரமானியில் முள் 68இல் நின்றது. ஜன்னலை அகலத் திறந்தார். ரசவாசனை தெருவுக்குப் போனது. கண்ணாடியில் கோத்திருந்த நீர்த்துளிகள் வற்றின. ஜன்னலைச் சாத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முள் 47. முன்தினம் வரை காலையில் கனத்த தலை மறுநாள் கனக்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அதை அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ஆத்தா வீடியோவில் வந்தார். ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏன்டா, மார்கழிப் பனியில ஜன்னலத் தொறந்து வச்சிருக்க? நெஞ்சுல சளி கட்டுனா யாரு பாக்குறது? மப்ளரக் கட்டு."

ஆத்தா பேசியது மாடி அறையிலிருந்து. ஏசி போட்ட பிறகு அவர் தூங்குவது அங்கேதான். பின்னால் ஜன்னலைக் காணோம். அது இருந்த இடத்தில் பீரோ நின்றது.

"ஒங்க ஜன்னல எப்ப ஆத்தா கடைசியாத் தொறந்தீங்க?"

ஆத்தா திரும்பிப் பார்த்தார். "அந்தப் பீரோவ யாருடா நகட்டுறது?"