ஒரு பவுண்ட் அதிகம்

2024 கோடையில் இரண்டு மாதம் லண்டனில் மகன் வீட்டில் இருந்தேன். ஈஸ்ட் ஹாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நகைக்கடை, புடவைக்கடை, தோசை வாசனை. குளிர்காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் இது தி.நகர் இல்லை என்று நினைவு வரும்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஐம்பத்து நாலு வயது. என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் என் மகன், மருமகள், ஏன் அந்தத் தெருவே 'அக்கா' என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார். அவர் என்னை 'அண்ணை' என்பார். திருச்சியில் இருக்கும் என் தங்கை 'அண்ணே' என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் ஒரு நூல்தான் வித்தியாசம். கேட்கும்போதெல்லாம் எனக்கு உறையூர் ஞாபகம் வரும்.

ஒரு நாள் சாயங்காலம், பின்பக்க மரவேலிக்கு மேலாக இடியப்பமும் சொதியும் நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய செல்போன் அடித்தது. இங்கிலீஷில் ரொம்பப் பணிவாக "ஸாரி, முடியாது, ஸாரி" என்று நாலு தடவை சொல்லி வைத்தார். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை அவருக்கு.

"நாளைக்கு ஒரு மணித்தியாலம் கூட நிக்கச் சொல்லிக் கேக்கினம் அண்ணை. நிண்டால் எனக்குத்தான் நட்டம்."

எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் கூடுதலாகச் சம்பளம் வரும். இதில் நஷ்டம் எங்கிருந்து வந்தது? கணக்கில் நான் அப்படியொன்றும் மோசமில்லை. முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன்.

அக்கா உள்ளே கூப்பிட்டுப் போய்க் காட்டினார். ஹாலிலேயே கட்டில். அதில் அவர் கணவர். பக்கவாதம் வந்து ஆறு வருஷம். வலது கை, வலது கால் இல்லை, பேச்சும் பாதிதான். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கிச் சிரித்தார். சுவரில் நகைக்கடை காலண்டர். முருகன் படத்துக்குக் கீழே ஒவ்வொரு தேதியிலும் பென்சிலில் 3, 4, 3, 3 என்று எண்கள். அக்கா வேலை செய்த மணி நேரங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டல். எல்லா வாரமும் ஒரே விடை: 13.

பிரிட்டனில் 'கேரர்ஸ் அலவன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. முடியாதவர் ஒருவரை வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் பார்த்துக்கொள்கிறவருக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை. 2024ல் வாரம் 81 பவுண்ட் 90 பென்ஸ். வகுத்துப் பாருங்கள், மணிக்கு இரண்டேகால் பவுண்ட் சொச்சம். அந்த நாட்டில் அந்த வருஷம் வயது வந்தவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 பவுண்ட் 44 பென்ஸ். அது வேறு விஷயம்.

இந்தத் தொகையை வாங்கிக்கொண்டே வெளியில் வேலைக்கும் போகலாம். ஆனால் ஒரு வரம்பு. 2024ல் வாரம் 151 பவுண்ட். 13 மணி நேரம் உழைத்தால் 148 பவுண்ட் 72 பென்ஸ். தப்பித்தீர்கள். 14 மணி நேரம் என்றால் 160 பவுண்ட் 16 பென்ஸ். வரம்பைத் தாண்டியாயிற்று. தாண்டினால் தாண்டிய 9 பவுண்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. அந்த வாரத்தின் 81 பவுண்ட் 90 பென்ஸ் முழுவதும் போய்விடும். பதினோரு பவுண்ட் சம்பாதிக்கப் போய் எண்பத்திரண்டு பவுண்ட் நஷ்டம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"இந்தக் கணக்கை எப்போ கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

அக்கா மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பு கிழிந்துபோயிருந்தது.

நடந்தது இது. 2021ல் அவர் வாரம் 14 மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தார். அப்போது குறைந்தபட்சக் கூலி 8 பவுண்ட் 91 பென்ஸ். மொத்தம் 124 பவுண்ட் 74 பென்ஸ். வரம்பு 128. பிரச்னை இல்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் கூலியை ஒன்பதரை பவுண்டாக உயர்த்தியது. அதே 14 மணி நேரம், இப்போது 133 பவுண்ட். வரம்பையும் உயர்த்தினார்கள். எவ்வளவுக்கு? 132 பவுண்டுக்கு.

ஒரே ஒரு பவுண்ட் அதிகம்.

"சம்பளம் கூட்டினவை எண்டு கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தனான் அண்ணை" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரே சிரித்தார்.

சம்பளம் மாறினால் தெரிவிக்க வேண்டியது வாங்குகிறவரின் பொறுப்பு என்று ஒவ்வொரு வருஷமும் வருகிற தாளில் அச்சடித்திருக்கிறது. அக்கா அதைப் படிக்கவில்லை. நீங்களும் நானும் எந்தத் தாளைப் படித்திருக்கிறோம்? ஆனால் கம்பெனிகள் ஒவ்வொரு சம்பளத்தையும் உடனுக்குடன் வரித்துறைக்குத் தெரிவித்துவிடுகின்றன. அந்தத் தகவல் உதவித்தொகை கொடுப்பவர்களுக்கும் போகிறது. தெரிந்தும் இரண்டு வருஷம் யாரும் மூச்சு விடவில்லை. 2024 வசந்தத்தில் கடிதம் வந்தது. 2022-23ல் வாரம் 69 பவுண்ட் 70 பென்ஸ் வீதம் 52 வாரம். அடுத்த வருஷம் 76 பவுண்ட் 75 பென்ஸ் வீதம் 52 வாரம். ஆக மொத்தம் 7,615 பவுண்ட் 40 பென்ஸ் திருப்பிக் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய்.

முதல் வருஷத்தில் அவர் வரம்புக்கு மேல் சம்பாதித்தது மொத்தமே 52 பவுண்ட். அதற்குத் திருப்பிக் கேட்டது 3,624 பவுண்ட் 40 பென்ஸ். மீட்டர் வட்டிக்காரன்கூட இப்படிக் கேட்கக் கூச்சப்படுவான்.

"நான் கள்ளம் செய்யேல்லை அண்ணை" என்றார், நான் கேட்காமலே. மாதம் 50 பவுண்ட் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். கடன் முடியும்போது வயது அறுபத்தேழைத் தொட்டிருக்கும்.

அக்கா தனி ஆள் இல்லை. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 கடைசியில் சொன்ன கணக்குப்படி, இப்படிக் கடன்பட்டு நிற்கிற பராமரிப்பாளர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். கடன் தொகை 25 கோடி பவுண்டுக்கும் மேல்.

ஒரு வரம்பு வேண்டாமா, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவருக்கும் அரசாங்கம் கொடுத்துக்கொண்டே இருக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரம்பு வேண்டும்தான். அது படிக்கட்டாக இருக்கிறதா, மொட்டைமாடி விளிம்பாக இருக்கிறதா என்பதில்தான் விஷயம். அதே நாட்டில் 'யூனிவர்சல் கிரெடிட்' என்று இன்னொரு உதவி. அதில் சம்பளம் ஏற ஏற, ஒரு பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் உதவியைக் குறைப்பார்கள். 45 பென்ஸ் கையில் நிற்கும். 2013ல் தொடங்கியபோது 65 பென்ஸ் பிடித்தார்கள். 2017ல் அது 63 ஆகி, 2021 கடைசியில் 55 ஆனது. இன்னும் குறைக்கலாம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனாலும் அது படிக்கட்டு. ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தவன் பழைய இடத்தைவிடக் கீழே விழமாட்டான். அக்காவின் உதவித்தொகையில் படியே கிடையாது.

இந்தத் தொகைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1976ல் இதைத் தொடங்கியபோது கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்று வைத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்! ஜாக்குலின் டிரேக் என்ற பெண், உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1984ல் வேலையை விட்டார். உதவி கேட்டார், மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986ல் ஜெயித்தார். அதன் பிறகுதான் கல்யாணமான பெண்களுக்கும் கிடைத்தது.

'எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்.' இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன்.

2006ல் உறையூர் வீட்டில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தங்கை அப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. நானும் தம்பியும் ஊர்ஊராக மாற்றலில் இருக்கிறவர்கள். "அம்மாவை யார் பார்த்துக்கிறது?" என்று கேள்வி வந்தபோது யாரும் பதில் சொல்லவே இல்லை. சொல்லாமலே முடிவாயிற்று. தங்கை வேலையை விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு மூவாயிரம் மாதாமாதம் அனுப்பினோம். ரொம்பப் பெருமையாகத்தான் அனுப்பினோம்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கை சாயங்காலத்தில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். தம்பி போன் செய்தான். "அவளுக்குத்தான் இப்போ வருமானம் வருதே. இன்னும் எதுக்கு?" எனக்கு அப்போது வீட்டுக்கடன் தவணை. "ஆமா, எப்படியும் வீட்லதானே இருக்கா, என்ன செலவு?" என்றேன். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அம்மாவின் மருந்துக்கு மட்டும் பில் அனுப்பினால் கொடுப்பது என்று ஏற்பாடு.

ஆறு பிள்ளைகள் கொடுத்தது ஆளுக்கு நானூறு. ஆக 2,400 ரூபாய். நாங்கள் நிறுத்தியது 6,000. வங்கிக்காரன், எனக்கு இந்தக் கழித்தல் வரவில்லை.

2013ல் அம்மா போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, பேச்சோடு பேச்சாகத் தங்கைதான் சொன்னாள். "அந்த டியூஷனை நாலு மாசத்துல நிறுத்திட்டேன்ணே. கட்டுப்படியாகலை. நிறுத்திட்டேன்னு சொன்னா நீங்க மறுபடி அனுப்புவீங்கன்னு நினைச்சேன். ஆனா சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு." அப்புறம் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. வளையலைக் காணோம் என்பதை மட்டும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கடிதத்தைப் பார்த்த மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "இவ்வளவு தொல்லைக்கு அந்த வேலையே வேண்டாம்னு விட்டுடலாமே?"

அக்கா கொஞ்ச நேரம் சொதியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "கடையில வாற சனம் நாலு பேர் 'ஹவ் ஆர் யூ' எண்டு கேப்பினம் அண்ணை. வீட்டில அந்தக் கேள்வி இவருக்கு மட்டுந்தான்."

தங்கைக்கும் அந்த ஆறு பிள்ளைகள்தான் வெளியுலகம். நான் நிறுத்தியது மூவாயிரம் ரூபாயை மட்டும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிரிட்டனில் கொஞ்சம் மாறியது. 2025 ஏப்ரலில் வரம்பை 196 பவுண்டாக உயர்த்தினார்கள். இனிமேல் குறைந்தபட்சக் கூலியில் 16 மணி நேரம் வேலை செய்யலாம் என்கிற கணக்கு அது. கூலி ஏறினால் வரம்பும் கூடவே ஏறும். லிஸ் சேஸ் என்பவர் தலைமையிலான ஆய்வு 2025 நவம்பரில் வெளிவந்தது. சம்பளம் ஒரு வாரம் ஏறி ஒரு வாரம் இறங்குகிறவர்களுக்குச் சராசரி போட்டதில் விதிமுறை தெளிவாக இல்லை, தப்பு அவர்கள் மேல் இல்லை என்றது. பழைய கேஸ்களை மறுபடி பார்ப்பதாகவும், சுமார் 26,000 பேருக்குக் கடன் குறையலாம் அல்லது ரத்தாகலாம் என்றும் அரசாங்கம் சொன்னது. விளிம்பைப் படிக்கட்டாக மாற்றுவது பற்றி யோசிக்கிறார்களாம்.

மகனுக்குப் போன் செய்து அக்காவுக்கு இதில் வழி உண்டா என்று கேட்டேன். "இல்லப்பா. அவங்க சம்பளம் ஏறி இறங்கலை. ஒரே சீரா ஒரு பவுண்ட் அதிகமா இருந்துச்சு" என்றான். இப்போது காலண்டரில் கூட்டல் 16 என்று வருகிறதாம். மாதம் 50 பவுண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

லண்டனிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கைக்குப் போன் போட்டேன். 2008லிருந்து 2013 வரை மாதம் மூவாயிரம் வீதம் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். வட்டியோடு. அந்தத் தொகையைச் சொல்லி, "அனுப்பி வைக்கிறேன்" என்றேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்ணே" என்றாள். "தம்பிக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிடாதே. பாவம், அவனுக்கு இப்பதான் ரெண்டாவது பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்கா."