பெயரெழுதி வைப்போம்

பொருளைக் காப்பது ஒரு கலை. அப்பொருள் இன்னதென்று எழுதிவைப்பது அதனினும் பெரிய கலை. பேழைக்குள் பத்திரமாக இருந்தும், இன்னதென்று எவரும் அறியாத பொருள் இழந்த பொருளே அன்றோ?

நாம் வாழும் திருவனந்தபுரத்தை ஓலைகளின் தலைநகரம் எனலாம். கோட்டைப் பகுதியிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் உள்ளன என்பர். பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். ஓலைகளைச் சேர்த்துச் சுருட்டிக் கட்டிய கட்டுக்குச் ‘சுருணை’ என்று பெயர். தமிழும் மலையாளமும், வட்டெழுத்தும் கோலெழுத்தும் அவற்றில் விரவிக் கிடக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கு ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது.

இக்காலத்தில் பழஞ்சுவடிகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிடுகிறோம். அதனால் மட்டும் அவை பிழைத்துவிடுமா? மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராக இருக்கும் நமக்கு இதன் விடை அன்றாட அனுபவம். மேலுறையில் எண்ணும் பொருளும் நாளும் பிரிவும் எழுதாத கோப்பு, அலமாரியில் இருந்தும் இல்லாததே. மேலுறையில் எழுதும் அவ்விவரத்தையே கணினியார் ‘மீதரவு’ என்கின்றனர். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் அறிஞர்கள் கூடித் தொடங்கிய ‘டப்ளின் கோர்’ என்னும் முறையில் தலைப்பு, ஆக்கியோர், நாள், மொழி, உரிமை முதலாகப் பதினைந்து கூறுகள் உள்ளன. கோப்பு மேலுறையின் உலகப் பதிப்பு என்று அதனைக் கொள்ளலாம்.

இக்கூறுகளுள் ஒன்று விடுபட்டாலும் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. நெல்லைச் சீமையில் பிறந்த த. கணபதி சாஸ்திரியார், 1909ஆம் ஆண்டளவில் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் மலையாள எழுத்தில் அமைந்த வடமொழி நாடகச் சுவடிகளைக் கண்டெடுத்தார். 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் அவற்றைப் பதிப்பித்து, பாசகவியின் நாடகங்கள் எனக் கூறினார். எனினும் சுவடிகளில் ஆசிரியர் பெயர் இல்லை. அவ்வொரு பெயர் இன்மையால் எழுந்த வாதம் நூறாண்டு கடந்தும் அடங்கவில்லை.

பெருஞ்சுவடிகளின் நிலை இது. நம் வீட்டுப் பெட்டிகளின் நிலை என்ன? நாகர்கோவிலில் ஒரு திருமணத்தின்போது எடுத்த படம் எம் இல்லத்தில் உண்டு. சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வணிகம் செய்த எம் பாட்டனாரைச் சுற்றிப் பதினான்கு பேர் நிற்கின்றனர். பின்புறத்தில் ‘கொல்லம் 1122 தை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நம் பகுதியில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது. ஆகவே தை மாதத்திற்கு 825 கூட்ட வேண்டும், 1947 வரும். அதே ஆண்டின் ஆவணியாயின் 824 கூட்ட வேண்டும், 1946 வரும். ஊரின் கதையும் அவ்வாறே. அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்திலும் சேர்ந்தது. 1969இல் அம்மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. இத்தனையும் குறிக்காவிடில் நாளைய பிள்ளைகள் அப்படத்தை எங்கே தேடுவர்?

எம் மகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்பவள். அப்படத்தை அவள் கைப்பேசியில் பதிவு செய்தபின், எண்பத்தைந்து வயதான எம் அத்தையிடம் அமர்ந்து ஒவ்வொரு முகமாகக் கேட்டோம். படம் எடுத்த நாளில் அத்தை சிறு பெண். “இது உங்க தாத்தாவுக்க அக்கா மவன். கொழும்புக்குப் போனவன், பொறவு வரல்லை மக்ளே” என்று ஒரு முகத்தை விரலால் தடவினார். பதினொருவர் பெயர் கிடைத்தது. மகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தாள். எஞ்சிய மூவரை அத்தையும் அறியவில்லை. அடுத்த ஆவணியில் அத்தை மறைந்தார். அம்மூவரும் இனி எவர்க்கும் ‘மூவர்’தாம், ஆனால் கொழும்புக்குப் போனவர் எம் மகளுக்கு உறவினராகிவிட்டார்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை உலகத் தமிழர் மறக்கவில்லை. ஈழத் தமிழர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் தன்னார்வ முயற்சி, நூல்களையும் இதழ்களையும் சிறு விழா மலர்களையும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்னும் விவரங்களோடு கணினியில் தொகுத்து வருகிறது. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதனினும் நல்ல முன்மாதிரி வேண்டுவதில்லை.

பெரிய கருவிகள் இதற்குத் தேவையில்லை. யார், எங்கே, எப்போது, எந்த மொழியில், யாரிடமிருந்து கிடைத்தது என்னும் ஐந்து வினாக்களும் ஒரு குறிப்பேடும் போதும். சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு கடிதத்துக்கும் ஒரு படத்துக்கும் இவ்வாறு விவரம் எழுதினால், இந்நகரத் தமிழரின் வரலாறு தானே திரளும். படம் காத்திருக்கும், பெயர் சொல்ல வல்ல முதியோர் காத்திருக்க மாட்டார்கள்.