பக்கி கத்திய அடிவாரம்

பாபநாசம் மலையடிவாரத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாசி பிறந்து பனி விலகியதும் பாறைச்சூடு ராத்திரியிலும் ஆறாது. தெருவெல்லாம் கயிற்றுக்கட்டில் வாசலுக்கு வந்துவிடும். மில்லுச் சங்கு ஊதி ஓய்ந்தபின் மலைப்பக்கம் ராப்பறவையான பக்கி கத்தத் தொடங்கும். நீங்களும் கேட்டுக்கொண்டே தூங்கியிருப்பீர்கள்.

கத்துவது ஒன்றல்ல, ரெண்டு. அதை எனக்குப் பிரித்துக் காட்டியவர் கிடைக்காரக் கோனார் மாமா. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டை மடக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். புழுக்கை வாடையும் தாளடி வாடையும் வாய்க்கால் ஈரமும் கலந்து வரும். நான் வாயைத் திறந்தால், "சும்மா இருல, கேளு" என்பார்.

மேலே சரிவிலிருந்து "சுக்கூ, சுக்கூ, சுக்கூ" என்று மூச்சுவிடாமல் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி தொடங்குவது காட்டுப் பக்கி. மூங்கிலும் முள்ளும் மண்டிய ஓடைப்பக்கம் கேட்பது வேறு. தச்சர் வாச்சியால் பலகையைக் கொத்துகிற மாதிரி ஒரு கொத்து, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு கொத்து. "இவன் நிதானக்காரன்" என்பார் மாமா. சென்னைப் படையில் டாக்டராயிருந்த ஜெர்டன் 1845-இல் இந்தப் பக்கியை விவரித்து எழுதினார். பறவை நூல்களில் இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. எனக்கு அது என்றைக்கும் நிதானக்காரன்தான்.

நிலாக் காலத்தில் ரெண்டும் போட்டி போடும். கிடையைச் சுற்றி வண்டு பறக்கும்; அதைத் தேடி நிதானக்காரன் சத்தமில்லாமல் ஆடுகளின் முதுகுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போவான். அலகு என்னவோ துளிதான். திறந்தால் கண்ணுக்குக் கீழ்வரை வாய் பிளக்கும், ஓரத்தில் மீசை மயிர் சிலிர்த்து நிற்கும். மாமாவின் டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டும் தணலாகச் சிவக்கும். சாம்பல் பூத்த உடம்பென்றால் காட்டுப் பக்கி. பழுப்பேறி, பிடரியில் செம்பட்டை படிந்திருந்தால் இவன். ஆண் எழும்பும்போது வாலின் இரு ஓரத்திலும் வெள்ளை பளிச்சிடும். ஆனாலும் பார்த்துச் சொல்வதைவிடக் கேட்டுச் சொல்வதுதான் சரி என்று இப்போதும் நம்புகிறேன்.

பகலில் ரெண்டும் சருகோடு சருகு. விறகுக்குப் போகும் ஆச்சியின் காலடி படுகிற நேரத்தில்தான் எழும்பும். கூடென்று ஒன்று கட்டாது. வெறுந்தரையில் ரெண்டு முட்டை, அவ்வளவுதான். ஆச்சி அதைக் கண்டால் தொடமாட்டாள். தடத்தில் ஒரு முள்ளுக்கிளையை வெட்டிப் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு வருவாள். பின்னால் வருகிற பெண்கள் அதைப் பார்த்து, கேட்காமலே விலகிப் போவார்கள். குஞ்சு பறக்கும்வரை அந்த முள் அங்கேயே கிடக்கும்.

மேலேயுள்ள முண்டந்துறைக் காடு 1962-இல் சரணாலயமாகி, 1988-இல் களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. மேலே இருப்பவனுக்கு அதனால் ஓர் அரண் கிடைத்தது. ஓடைப்பக்கத்துக்காரனுக்கு அது எட்டவில்லை. மூங்கிலை அழித்து மனை போட்டார்கள், கல் நட்டார்கள், விடியவிடிய வெள்ளை விளக்கு எரிகிறது. பக்கி ராத்திரியில் ரோட்டில் வந்து உட்கார்கிற பறவை. விளக்கொளியில் கண் கூசி அப்படியே இருந்துவிடும். வண்டிகள் அதன்மேல் ஏறிப் போகின்றன. உர மூட்டை வந்தபின் கிடையைக் கேட்பாரில்லை. மாமாவும் போய்விட்டார். ஆச்சி போட்ட முள்ளுக்கு அர்த்தம் தெரிந்தவர்களும் தெருவில் இல்லை.

போன பங்குனியில் மொட்டைமாடியில் படுத்திருந்தேன். மேலே காட்டுப் பக்கி ஓயாமல் கத்தியது. கீழே அந்தக் கொத்துச் சத்தம் வரவேயில்லை. மாமா மகனைக் கேட்டேன். ஓடையில் விளக்குக் கம்பம் நட்டதிலிருந்தே கேட்பதில்லையாம்.

சிவசைலம், கடையம் பக்கம் இருப்பவர்களே, கடனாநதி ஓடைகளில் நிதானக்காரன் இன்னும் கொத்துகிறானா? ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள், அடுத்த மாசிக்கு அங்கே வந்துவிடுகிறேன்.