ஒற்றைக் காலா? இரட்டைக் கையா?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)



"ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு கேட்டபோது, நான் ரோபோவைப் பற்றியோ சூரிய மின்சக்தியைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு குச்சியைப் பற்றி.

டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கும்போது, எல்லைக் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபர்களைக் கவனித்திருப்பீர்கள். பீரங்கி மாதிரி லென்ஸ். அதற்கு அடியில் ஒரே ஒரு கால். அதுதான் மோனோபாட். "மூணு கால் வாங்கக் காசில்லாதவன் ஒரு கால் வாங்கிக்கிட்டான்" என்று நம் வகுப்பு அறிஞர் ஒருவர் விளக்கம் சொன்னார். விஷயம் அதுவல்ல.

என் மாமா மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். சோறு போடுவது கல்யாணமும் காதுகுத்தும். மனசு மட்டும் மைதானத்தில். பள்ளி விளையாட்டு விழா, தடகளம், ஊர்க் கபடி என்று எங்கே விசில் சத்தம் கேட்டாலும் கிளம்பிவிடுவார். பத்து வருஷத்துக்கு முன்னால் அத்தையின் சங்கிலியை அடகு வைத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு 300 எம்.எம். எஃப் 2.8 லென்ஸ் வாங்கினார். லென்ஸ் மட்டும் இரண்டரை கிலோ. கேமராவோடு சேர்த்தால் மூன்றரை. இத்தனை வருஷமும் அதைக் கையில் பிடித்துத்தான் எடுத்தார். மோனோபாட் என்று யாராவது வாயைத் திறந்தால், "கை நடுங்குறவனுக்குத்தான் மாப்ள கைத்தடி" என்பார்.

போன வருஷம் அவருடைய இடது தோள் இறுகிக்கொண்டது. சர்க்கரை வேறு இருக்கிறது. கனமான எதையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் எப்படியோ பரவி, திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் லென்ஸை விலைக்குக் கேட்டு வந்தார். மாமா "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். லென்ஸ் விஷயத்தில் மாமா யோசிக்கிறேன் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அத்தை உள்ளே போய்விட்டார்.

இங்கே கொஞ்சம் மெக்கானிக்ஸ். (அரியர் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.) முழங்கையை மடக்கி, முன்கையைக் கிடையாக நீட்டி, உள்ளங்கையில் மூன்றரை கிலோவைத் தாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முழங்கையிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரம். திருப்புத்திறன் சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஆனால் அதைத் தாங்க வேண்டிய தசை, மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டரில்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. ஆக, தசை இழுக்க வேண்டியது 25 கிலோவுக்கும் மேலே! ஒரு அரிசி மூட்டை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் நாள் முழுக்க என்றால்?

அந்த "நாள் முழுக்க" என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம், இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். நாம் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஐந்து நாள் ஆடிய ஆட்டம், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆகி, ‘டை’யில் முடிந்தது. அந்த ஒரு பந்துக்காக, அந்தச் சென்னை வெயிலில் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டுமானால் கை என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். எந்தப் பந்து அந்தப் பந்து என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லையே!

எல்லோரும் நினைப்பது, மோனோபாட் படம் ஆடாமல் இருப்பதற்காக என்று. பாதிதான் சரி. கையில் பிடித்து எடுப்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 300 எம்.எம். லென்ஸ் என்றால் ஷட்டர் 1/300 நொடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சென்சார் சின்னதாக உள்ள கேமரா என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 1/450. ஆனால் ஓடுகிறவனின் காலை நிறுத்திப் பிடிக்கவே 1/1000 வேண்டும். அந்த வேகத்தில் நம் கை நடுக்கம் படத்தில் அநேகமாகத் தெரியாது. "அப்புறம் எதுக்குடா குச்சி?" என்று மாமா கேட்பது இதனால்தான். கேள்வி நியாயமானதுதான்.

பதில் இது. மூன்றாவது ஹீட் முடிவதற்குள் கை கீழே இறங்கிவிடுகிறது. கூடவே கண்ணும் வியூஃபைண்டரை விட்டு வந்துவிடுகிறது. மறுபடி தூக்கி, ஆளைத் தேடி, ஃபோகஸ் புள்ளியை நெஞ்சில் வைப்பதற்குள் அவன் கோட்டைத் தாண்டிவிடுவான். களைத்த கையில் புள்ளி ஒரு விரல்கடை நகர்ந்தால் போதும், ஓடுகிறவன் மங்கிப்போய் பின்னால் இருக்கும் ஷாமியானா பளிச்சென்று விழும். இந்த மாதிரி ‘ஷாமியானா’ படங்கள் மாமாவின் கம்ப்யூட்டரில் போன வருஷம் கூடிக்கொண்டே வந்தன. அவரே அழித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடையில் நல்ல மோனோபாட் வாங்கலாம். மாமா வாங்க மாட்டார். வாங்கிக் கொடுத்தாலும் பரணில் போட்டுவிடுவார். ஆனால் மருமகன் சொந்தக் கையால் செய்தது என்றால்? அதுதான் என் திட்டம்.

பழைய இரும்புக் கடையில் இரண்டு அலுமினியக் குழாய் கிடைத்தது. வெளிக்குழாய் 25 மி.மீ., அதற்குள் நுழையும்படி 20 மி.மீ. உள்குழாயில் வரிசையாக 6 மி.மீ. துளைகள், வேண்டிய உயரத்தில் பின் செருகிக்கொள்ளலாம். அடிக்கு, சர்ஜிகல் கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் குமிழ். இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. மேலே லென்ஸைப் பிடிக்கும் திருகுதான் நான்கு நாள் சாப்பிட்டது.

லென்ஸின் காலில் இருப்பது 3/8 அங்குல மரை. அங்குலத்துக்கு 16 மரை, அதாவது பிட்ச் 1.5875 மி.மீ. "எம் 10 போடுடா, அதுவும் ஒண்ணரை பிட்ச்தானே!" என்றான் பக்கத்து லேத்காரன். எம் 10-ன் விட்டம் 10 மி.மீ., இதுவோ 9.5 சொச்சம். அழுத்தித் திருகினால் அத்தையின் சங்கிலியில் மரை போய்விடும்! போல்ட் கடைக்காரர் 3/8 பி.எஸ்.டபிள்யூ. எடுத்துக் கொடுத்தார். அதற்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். உள்ளேயும் போகும். ஆனால் அதன் மரைக் கோணம் 55 டிகிரி, கேமராவுக்கு வேண்டிய யு.என்.சி. 60 டிகிரி. ஒர்க்‌ஷாப் சார் வாங்கிப் பார்த்துவிட்டு, "போகும்டா, ஆனா சரியா உக்காராது. மூணரை கிலோவை இதுல நம்பித் தொங்கவிடுவியா?" என்றார். 60 டிகிரி டூல் தீட்டி, லேத்தில் மரை வெட்டினேன். சார் பிட்ச் கேஜை வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். சார் ஒன்றும் சொல்லாவிட்டால் பாஸ் என்று நமக்கெல்லாம் தெரியுமே.

இரண்டு நாள் தடகளப் போட்டிக்கு மாமாவோடு போனேன். எடுத்தவுடன், "நல்லாத்தான்டா செஞ்சிருக்க" என்று சொல்லி என்னிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டார். காலை நேரம் 100 மீட்டர் ஹீட்ஸ் முடிய முடிய அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தேன். பதினோரு மணிக்கு, "அதக் கொண்டா" என்றார். குரலில் கோபம்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. குச்சியை இரண்டு காலுக்கு நடுவில் நேராக ஊன்றினார், சரிப்படவில்லை. கொஞ்சம் முன்னால் தள்ளி ஊன்றி, தன் இரண்டு கால்களையும் அகட்டி, உடம்பை லேசாகச் சாய்த்தார். இப்போது குச்சி ஒன்று, மாமாவின் கால் இரண்டு. மூன்று கால் ஆகிவிட்டது! நம் பாஷையில் சொன்னால் ஆறு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தில் குச்சி பிடுங்கிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், மேலும் கீழும் போவதை. பக்கவாட்டில் தாராளமாகத் திரும்பலாம். அதனால் 800 மீட்டரில் ஷட்டரை 1/60-க்கு இறக்கி, ஓடுகிற பெண்ணோடு சேர்த்து லென்ஸைத் திருப்பி எடுத்தார். பின்னணி கோடு கோடாக இழுபட, முகம் மட்டும் தெளிவு. இந்த இடத்தில் குச்சி படத்தின் ஆட்டத்தையும் நிஜமாகவே குறைக்கிறது.

உயரம் தாண்டுதலில் மாமா என்னைத் தோற்கடித்தார். குச்சியை என்னிடம் வீசிவிட்டு, சின்ன 70-200 லென்ஸோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். இரண்டு முழங்கையும் மண்ணில். "இதுக்கு மேல என்னடா மோனோபாட்?" அந்தக் கோணம் குச்சிக்கு எட்டவே எட்டாது. எவ்வளவு சுருக்கினாலும் அதற்கு ஒரு உயரம் உண்டே.

லென்ஸ் கம்பெனிகளும் மாமா கட்சிதான் போலிருக்கிறது. கேனனின் 400 எம்.எம். எஃப் 2.8 லென்ஸ் 1999-ல் வந்தபோது 5.37 கிலோ. 2011-ல் வந்தது 3.85. 2018-ல் வந்தது 2.84. ஏறக்குறைய பாதி! கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் வேறு 1995-லிருந்தே லென்ஸுக்குள் இருக்கிறது. அது நம் நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஓடுகிறவனைப் பிடிக்காது, தோள்வலியையும் பிடிக்காது. விலையோ பல லட்சம். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் பழைய இரும்புக் கடைதான்.

திண்டுக்கல்காரர் மறுபடி போன் செய்தார். "விக்கிறதா இல்லைங்க" என்று மாமா சொன்னது எனக்குச் சமையலறை வரை கேட்டது. அத்தை என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார், நான் கேட்காமலேயே.

போன மாதம் கபடிப் போட்டிக்குப் போனோம். குச்சியை ஸ்கூட்டரிலேயே கட்டி வைத்துவிட்டு, 70-200 லென்ஸை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். "இங்க இது வேணாம் மாப்ள." சரிதான். 13-க்கு 10 மீட்டர் ஆடுகளம். ரெய்டர் எந்தப் பக்கம் பாய்வான் என்று அவனுக்கே தெரியாது. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு நம் மேலேயே வந்து விழுவார்கள், எழுந்து ஓட வேண்டும். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, குழாய்க்குள் குழாய் லொடலொடக்கிற சத்தத்துக்கு என்ன கிளாம்ப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.