வீடு மாறும் வேளையில்

ஓர் இல்லத்தைக் காலி செய்து வேறோர் இல்லம் புகுவது மனித குலத்தின் மிகப் பழைய அலுவல்களுள் ஒன்று. எகிப்தை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்ட இஸ்ராயேல் மக்கள், புளிக்காத மாவைப் பாத்திரத்தோடு போர்வையில் கட்டித் தோளில் சுமந்து சென்றதாக யாத்திராகமம் கூறுகிறது. மோயீசனோ, முன்னோராகிய யோசேப்பின் எலும்புகளையும் மறவாது உடன் எடுத்துச் சென்றார். அடுத்த வேளை உணவும் முன்னோர் நினைவும் அந்த அவசரத்திலும் விடுபடவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய ராஜா அண்ணாமலைபுரத்தில் மூட்டை கட்டுவோர் பல திறத்தினர். ஆட்சி மாறினால் கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களின் இல்லங்கள் காலியாகின்றன. பள்ளித் தேர்வு முடிந்ததும் வாடகைக் குடும்பங்கள் இடம் பெயர்கின்றன. பழைய அடுக்குமாடி வீடுகளை இடித்துப் புதிதாய்க் கட்டும் காலம் இது. ஆதலால் சொந்த வீடு உடையோரும் சில ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ நேர்கிறது. கால்வாய்க் கரையில் வாழ்வோரின் நிலை வேறு; அதைப் பின்னர்க் கூறுவோம்.

குருக்களாகிய நமக்கும் இது புதிதன்று. ஆயரிடமிருந்து மாற்றல் கடிதம் வந்தால் சில நாட்களில் பெட்டி கட்ட வேண்டும். கையில் கோல் ஒன்றையன்றி வேறெதுவும் கொண்டு செல்லாதீர் என ஆண்டவர் தம் சீடரைப் பணித்தார். நம் நூற்பெட்டிகளைத் தூக்கும் வண்டிக்காரரோ, சுவாமி கல்லையா கட்டி வைத்திருக்கிறார் என்று கேட்பதுண்டு. நூல்களைச் சிறு பெட்டிகளிலும், இலேசான துணிமணிகளைப் பெரிய பெட்டிகளிலும் அடுக்க வேண்டும் என்பதை அவர்களே நமக்குக் கற்பித்தனர்.

இல்லங்கள் தோறும் நாம் கண்டறிந்த நல்வழக்கங்கள் சிலவற்றையும் இங்கே குறிப்பிடலாம். இரு வாரங்களுக்கு முன்னரே பரணிலிருந்து தொடங்குவது நன்று. ஆண்டுக்கணக்கில் தொடாத பாத்திரத்தையும் பாயையும் சுமந்து செல்வதைவிட, தேவைப்படும் ஏழைக் குடும்பத்திற்கு வழங்குவது சுமையையும் குறைக்கும், புண்ணியத்தையும் சேர்க்கும். கண்ணாடிப் பொருள்களையும் சுரூபங்களையும் பழைய சேலைகளில் சுற்றலாம். எந்த அறைக்கு உரியது என்பதை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதுவது நலம். குடும்ப அட்டை, ஆதார், பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ஞானஸ்நான, திருமணச் சான்றுகள் யாவும் ஒரே பையில் இல்லத்தலைவியின் கையிலேயே இருக்கட்டும். முதியோரின் மருந்து, குழந்தைகளின் மாற்றுடை, பால் காய்ச்சும் பாத்திரம், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி ஆகியவை இன்னொரு பையில் உடன் வரட்டும். எரிவாயு நிறைந்த சிலிண்டரை மற்றச் சாமான்களோடு லாரியில் ஏற்றுவது ஆபத்தானது. முகவரிடம் முன்கூட்டியே தெரிவித்து இணைப்பை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கழிப்பன இவை, கொள்வன இவை எனப் பிரிக்கும்போது இல்லத்துப் பெரியோரையும் கேட்க வேண்டும். ஒரு குடும்பம் புறப்படும் முன் செபிக்கச் சென்றிருந்தோம். சுவரிலிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை மகன் இறக்கியபோது, அதன் பின்னிருந்து உலர்ந்த குருத்தோலை ஒன்று விழுந்தது. குப்பையோடு அதைக் கூட்டப் போன பெயர்த்தியைத் தடுத்து, "அது உன் தாத்தா வைத்ததம்மா" என்றார் பாட்டியார். அவர் கணவர் தம் இறுதிக் குருத்து ஞாயிறன்று கோவிலிலிருந்து கொணர்ந்தது அது. பீரோவையும் கட்டிலையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அந்த அம்மையார், ஓலையை மடியில் வைத்துக்கொண்டே வண்டியேறினார். எது விலையுயர்ந்தது என்பது விலைச்சீட்டைப் பார்த்து அறியத்தக்கதன்று.

பொருள்கள் பத்திரமாய்ச் சென்றும் மனிதர் தொலைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு பங்கை விட்டுச் சென்ற குடும்பம் மறு பங்கில் தன்னை அறிவிப்பதில்லை. ஞாயிறன்று பின்வரிசையில் அமர்ந்து, எவரும் அறியாமல் திரும்புகிறது. நாளடைவில் அதுவும் நின்றுவிடுகிறது. ஆதலால் புறப்படும் முன் பங்கு அலுவலகத்தில் தெரிவித்து ஒரு கடிதம் பெற்றுச் செல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு மட்டும் உங்களோடு இடம் பெயராது. உறுதிபூசுதலும் திருமணமும் எந்த ஊரில் நிகழ்ந்தாலும், அச்செய்தி ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கே வந்து அந்தப் பழைய பக்கத்தில் பதியப்படுகிறது. ஆயிரம் வீடு மாறினாலும் விசுவாசத்தில் பிறந்த வீடு ஒன்றே.

1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னொன்றும் கூறுகிறது. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கில் குடியேறியவரும், எண்ணம் எதுவாயினும் ஐந்தாண்டு அங்கே வாழ்ந்தவரும் அங்கு உறைவிடம் பெறுகின்றனர். மூன்று மாதத் தங்கலுக்கும் அத்தகைய உரிமை உண்டு; அவ்விடத்துப் பங்குத்தந்தையே அவர்களுக்கும் உரிய மேய்ப்பர். உறைவிடமே அற்றவருக்கு? அவர் அப்போது எங்கே இருக்கிறாரோ, அவ்விடத்துப் பங்குத்தந்தையே அவருடைய பங்குத்தந்தை என்கிறது சட்டம். குருமடத்தில் தேர்வுக்காக இதை நெட்டுருச் செய்தோம். இதன் பொருள் கால்வாய்க் கரையில்தான் நமக்கு விளங்கிற்று.

2022-ஆம் ஆண்டு மே மாதம், நீதிமன்ற ஆணைப்படி, இப்பகுதியில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகரில் இளங்கோ தெரு வீடுகள் இடிக்கப்பட்டன. தொலைவிலுள்ள பெரும்பாக்கத்தில் மாற்று வீடு என்றனர். பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கே இருக்க, அங்கே எவ்வாறு வாழ்வது என்று மக்கள் கலங்கினர். அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிர் நீத்தார். அதன் பின்னரே மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் மாற்று வீடு வழங்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பரணிலிருந்து தொடங்குங்கள், பெட்டியில் பெயர் எழுதுங்கள் என்று நாம் கூறிய அறிவுரைகள் யாவும், இரு வாரத் தவணை உள்ளவருக்கே பயன்படும். தாமே நாள் குறித்து மாறுகிறவருக்கு அது இடமாற்றம். நாள் குறிக்க இயலாதவருக்கு அது இடிபாடு. இரண்டுக்கும் நடுவே நின்று தாங்க வேண்டியவர் அயலார்.

ஆகவே அன்புக்குரிய குடும்பத்தாரே, உங்கள் தெருவில் சாமான் வண்டி வந்து நின்றால், அன்றே ஒரு குடம் தண்ணீரோடும் சூடான காப்பியோடும் அவ்வீட்டின் கதவைத் தட்டுங்கள். அவர்கள் நம் மதத்தவரா என்று கேட்டுவிட்டுத் தட்ட வேண்டாம். பங்கைச் சேர்ந்தவராயின் அன்பியக் கூட்டத்துக்கு அழையுங்கள். கால்வாய்க் கரையில் எவருக்கேனும் காலி செய்யும்படி அறிவிப்பு வந்தால், அதே நாளில் நமக்குத் தெரிவியுங்கள். சட்டப்படியும் அவர்கள் நம் மந்தையே. எகிப்துக்கு இரவில் குழந்தையோடு புறப்பட்ட திருக்குடும்பம், அவர்கள் மூட்டைகளுக்கும் நம் மூட்டைகளுக்கும் துணை நிற்பதாக.