அகலும் மெழுகுவத்தியும்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து வெளி மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மனோர்க்குச் சிக்கனம் உடன்பிறந்த குணம். காலியான புட்டியைக்கூட எறிய நமக்கு மனம் வருவதில்லை. போற்றத்தக்க இக்குணமே மின்கலங்களின் விஷயத்தில் சில வேளை ஆபத்தாய் முடிந்துவிடுகிறது.

எங்கள் இல்லத்தில் சர்க்கரை அளக்கும் கருவி, எடை பார்க்கும் இயந்திரம், கைப்பேசி, மடிக்கணினி ஆகிய யாவற்றிலும் 'லித்தியம்' என்னும் ஒரே பெயரே காணப்படுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுகிறீர்களே, இந்தச் சின்ன வில்லைக்கு மட்டும் ஏன் ஏற்றக் கூடாது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பெயர் ஒன்றாயினும் இனம் இரண்டு. ஒரு முறைக்கென்றே செய்த கலத்தில் லித்தியம் உலோகமாகவே இருந்து, வேலை செய்யுந்தோறும் கரைந்து தீர்கிறது. 1991இல் ஸோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த லித்தியம் அயனிக் கலத்திலோ, அயனிகள் இரு முனைகளுக்கிடையே போவதும் வருவதுமாய் இருக்கின்றன. இதனை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். அம்மாவுக்கு நாங்கள் இவ்வாறு விளக்கினோம்: "அயனிக் கலம் அகல் விளக்கு, எண்ணெய் வார்த்தால் மறுபடி எரியும். மற்றது மெழுகுவத்தி. அதற்கு எண்ணெய் வார்ப்பார் உண்டோ?"

வலிந்து ஏற்றினால் கலம் சூடேறும். உள்ளே வாயு பெருகும். உறை பிளந்து தீப்பற்றவும் கூடும். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு சிறுவன், பொம்மைக் காரின் ஒரு முறைக் கலங்களை மலிவான மின்னேற்றியில் சொருகிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டான். மூக்கைத் துளைத்த நெடி கண்டு பாட்டி ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். அது ஒரே வாசலுள்ள வீடு. உள்ளறைத் தூளியிலோ கைக்குழந்தை.

தோற்றத்தை நம்புவதற்கில்லை. சிஆர் 2032, எல்ஐஆர் 2032 என்னும் வில்லைகள் இரண்டும் 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையவை. முன்னது 3 வோல்ட், ஏற்றலாகாது. பின்னது ஏற்றத்தக்கது; முழுதும் ஏற்றினால் 4.2 வோல்ட் வரை செல்லும். ஆதலின் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடுவதும் கருவிக்குக் கேடு.

'ரீசார்ஜபிள்' என்று அச்சிட்டிராத கலத்தை மின்னேற்றியில் வைக்கவே வேண்டாம். ஏற்றத்தக்கதையும் அதற்குரிய மின்னேற்றியிலேயே, விழித்திருக்கும் வேளையில் ஏற்றுக. மெத்தைமீதும் வாசலருகிலும் வேண்டாம். உப்பிய கலத்தை உடனே விலக்குக. குழந்தை வில்லையை விழுங்கினால் கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைக. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக் கூடும்.

தீர்ந்த கலங்களைக் குப்பையில் எறிவதும் தகாது. அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. கலங்களின் முனைகளில் நாடா ஒட்டி, 'அகல்', 'மெழுகு' எனத் தம் கையாலேயே எழுதி, அம்மா அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்.