செம்புத் தூளும் ஒரு நோபல் பரிசும்

2025 அக்டோபரில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது பத்திரிகைகள் குவாண்டம் கணினியைப் பற்றியே எழுதின. மீக்கடத்திச் சுற்றுகளை அளப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது செம்புத் தூள்.

அது நாங்கள் இன்றும் கையால் செய்யும் பொருள். காப்பிட்ட மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஒரு செம்புக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் செம்புத் தூளை நிரப்ப வேண்டும். தூளின் ஒவ்வொரு மணியும் சில பத்து மைக்ரான் அகலம்தான் இருக்கும். மணிகளின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவைப்பதால், சிறு குழாய்க்குள் மிகப் பெரிய உலோகப் பரப்பு கிடைக்கிறது. நேர்மின்னோட்டம் தடையின்றிப் போய்விடும். கிகாஹெர்ட்ஸ் இரைச்சல் அந்தப் பரப்பில் வெப்பமாகக் கரைந்துவிடும். இப்போது பல ஆய்வகங்களில் தூளை எப்பாக்சியில் குழைத்து வார்க்கிறார்கள். அடிப்படை மாறவில்லை. 1980களில் பெர்க்லியில் இந்த மூவரும் தங்கள் சோதனைக்காக உருவாக்கிய வடிகட்டி இது.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? நம் சுற்றுகள் 5 கிகாஹெர்ட்ஸ் அளவில் அதிர்பவை. அந்த அதிர்வின் ஒரு குவாண்டம் ஆற்றலை வெப்பநிலையாகச் சொன்னால் 0.24 கெல்வின். சுற்றுகளைக் குளிர்விக்கும் ஃப்ரிட்ஜின் அடித்தட்டு 10 முதல் 20 மில்லிகெல்வினில் இருப்பதால் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் அளவிடும் கம்பி அறை வெப்பநிலையிலிருந்து அல்லவா இறங்கி வருகிறது! 300 கெல்வினில் அதே அதிர்வெண்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபோட்டான்கள் அலைந்துகொண்டிருக்கும். வெப்பமானி குளிர்ந்துவிட்டது என்று காட்டும். சுற்றுக்கோ கம்பி வழியே வருவது மட்டும்தான் தெரியும். அதனால்தான் மைக்ரோவேவ் கம்பிகளில் படிப்படியாக அட்டெனுவேட்டர்களை வைத்து, மொத்தம் 60 டெசிபெல் அளவுக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக இரைச்சலைக் குறைக்கிறோம்.

பெர்க்லியில் கிளார்க் பேராசிரியர், மார்ட்டினிஸ் முனைவர் பட்ட மாணவர், டெவோரே பிரான்சிலிருந்து வந்த இளம் ஆய்வாளர். அவர்கள் முன்னிருந்த கேள்வி கோட்பாட்டு இயற்பியலாளர் ஆன்டனி லெகெட் எழுப்பியது: கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து இயங்கும் ஒரு சுற்றின் கூட்டு நிலை, தனி எலக்ட்ரானைப்போல் ஒரு தடையை ஊடுருவிச் செல்லுமா? இரண்டு மீக்கடத்திகளுக்கு இடையே மெல்லிய மின்காப்புப் படலம் வைத்த ஜோசப்சன் சந்தியை எடுத்துக்கொண்டார்கள். சந்தியின் இரு பக்கங்களுக்கும் இடையிலான கட்ட வேறுபாடு ஒரு ஆற்றல் குழியில் சிக்கியிருக்கும். அது வெளியேறினால் சந்தியில் மின்னழுத்தம் தோன்றும். குளிர்விக்கக் குளிர்விக்க வெளியேற்றம் அரிதாகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே மேலும் குளிர்வித்தாலும் குறைவதில்லை, வரைகோடு தட்டையாகிவிடுகிறது. வெப்பத்தின் உதவியின்றித் தடையை ஊடுருவுகிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஆனால் வடிகட்டாத இரைச்சல் கம்பி வழியே இறங்கினாலும் கோடு இதேபோலத்தான் தட்டையாகும். இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. அவர்கள் அதைக் கையாண்ட விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. சந்தியின் மாறுநிலை மின்னோட்டம், மின்தேக்கம், தணிப்பு ஆகியவற்றை, குவாண்டம் என்ற பேச்சே தேவைப்படாத வெப்பமான நிலையில், அதே சந்தியிலேயே தனியாக அளந்துகொண்டார்கள். மைக்ரோவேவ் செலுத்தி, எந்த அதிர்வெண்ணில் வெளியேற்றம் கூடுகிறது என்று பார்ப்பது அதற்கான ஒரு வழி. ஆகவே கோட்பாட்டோடு ஒப்பிடும்போது இழுத்துப் பொருத்த ஒரு எண்ணும் மிச்சமில்லை. பிறகு சிறு காந்தப்புலத்தால் மாறுநிலை மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். அப்படிச் செய்தால் தட்டையாகும் வெப்பநிலை கீழே இறங்க வேண்டும். அதே சந்தி, அதே கம்பிகள், அதே ஃப்ரிட்ஜ். முன்பு தட்டையாகிவிட்ட இடத்தில் இப்போது கோடு தொடர்ந்து இறங்கியது. இரைச்சல்தான் காரணம் என்றால் இது நடந்திருக்காது.

அடுத்து, குழிக்குள் ஆற்றல் படிகள் இருப்பதையும் மைக்ரோவேவ் கொண்டு காட்டினார்கள். அந்தப் படிகளின் இடைவெளிகள் சமமாக இல்லை. அதனால்தான் கீழிரு படிகளை மட்டும் தனித்து இயக்க முடிகிறது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட், இன்றைய மீக்கடத்திச் சுற்றுகளில் அதன்மேல்தான் நிற்கிறது.

பிறகு டெவோரே பிரான்சின் சக்லேயில் குவான்ட்ரோனியம், யேலில் டிரான்ஸ்மான், ஃப்ளக்ஸோனியம் என்ற சுற்றுகளின் உருவாக்கத்தில் பங்கேற்றார். குவாண்டம் வரம்பை நெருங்கும் பெருக்கிகளும் அவர் குழுவில் பிறந்தன. 1999இல் ஜப்பானில் நாகமுரா குழுவினர் காட்டிய முதல் மீக்கடத்தி க்யூபிட்டின் நிலை சில நானோவினாடிகளில் கலைந்தது; இன்று நல்ல டிரான்ஸ்மான் நூறு மைக்ரோவினாடிகளைத் தாண்டி நிற்கிறது. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு இரைச்சலையும் இழப்பையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்ததில் வந்தது என்பதே என் கருத்து.

ஒரு ஆய்வாளரின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்குள் வராத ஒன்றை நான் எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறேன். "கர்வ் தட்டையாயிடுச்சு சார்" என்று மாணவர் மகிழ்ச்சியோடு வருவார். "சரி, வேற எதெல்லாம் அதைத் தட்டையாக்கும்?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி பெர்க்லியிலிருந்து வந்தது. விடை கிடைக்கும்வரை "குவாண்டம்" என்ற சொல்லை எங்கள் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சோதனைகளைப் பற்றி 1985இல் வந்த இரண்டு சிறு கட்டுரைகளோடு நிறுத்திவிடாதீர்கள். இதே மூவரும் 1987இல் ஃபிசிக்கல் ரிவ்யூ பி இதழில் எழுதிய நீண்ட கட்டுரையை, கையில் பென்சிலோடு, முழுதாகப் படியுங்கள். செம்புத் தூள் வடிகட்டியும் அதில் இருக்கிறது.